அறுபது நிமிடத்துக்கு எட்டுப் பாட்டு

அறுபது நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அந்த மார்கழி வரைக்கும் எனக்குத் தெரியாது. ஏற்காட்டில் ஜீப் ஓட்டுகிறவனுக்கு நேரம் என்பது நடைக் கணக்கு. பஸ் ஸ்டாண்டில் ஆள் நிறைந்தால் மஞ்சக்குட்டைக்கு ஒரு நடை, அங்கே ஆள் நிறைந்தால் திரும்ப ஒரு நடை. ஆள் நிறையாவிட்டால் நேரமே ஓடாது. எண்பதுகளில் பத்து வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். ஜீப் இன்னொருவருடையது, ஸ்டியரிங் மட்டும் என்னுடையது.

ஒரு நடைக்குப் பதினைந்து பேர் ஏறுவார்கள். பதினைந்து பேரும் பேசுவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்கு மேல் படித்ததெல்லாம் அந்தப் பேச்சில்தான். ஒருநாள் நிறைந்து வழிகிற ஜீப்பின் பின்னால் ஓர் அம்மா சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். "எனக்கு எடம் வேண்டாமுங்க. சேவலுக்கு மட்டும் ஒரு எடம் குடுங்க, நான் அதும் பக்கத்துல நின்னுக்கறேன்" என்றார். உள்ளே நசுங்கிக் கிடந்தவர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். சிரித்தவர்களால்தான் நகர முடிந்தது.

இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவியிடம் சொல்வேன். அவள் கிளியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்க மாட்டாள். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள், அடுத்த முறை இழுத்துச் சொல்வாள், மூன்றாவது முறை அது பாட்டாக இருக்கும்.

"எனக்கு எடம் வேண்டாஞ் சாமி
என் சேவலுக்கு எடம் குடுங்க
சேவலோட பக்கத்துல
செத்த நேரம் நின்னுக்கறேன்."

மறுநாள் காப்பிச் செடி வரிசையில் அவள் அதைப் பாட, கூட வேலை செய்கிற பெண்கள் திருப்பிப் பாடுவார்கள். மூன்று வருஷத்தில் இப்படி ஒரு டஜன் பாட்டுச் சேர்ந்துவிட்டது. நாங்கள் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. சமையலுக்கு உப்புப் போடுகிற மாதிரி அதுவும் தினம் நடந்தது, அவ்வளவுதான்.

பிறகு அவள் கழுத்தில் கட்டி வந்தது. முதலில் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். சோறு விழுங்கும்போது அடைக்கிறது என்று சொன்ன பிறகுதான் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா இரண்டு விரலால் தடவிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், பொங்கல் கழித்து ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். இவள் கேட்டாள்:

"எடுத்துட்டா பாட முடியுங்களா?"

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "நல்லாப் பேசுவீங்க. ஆனா குரலுக்குப் போற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே போகுது. எவ்வளவு ஜாக்கிரதையா பண்ணினாலும் சிலருக்குக் குரல் மாறிடுது. பாட்டைப் பத்தி நான் இப்பவே உறுதி சொன்னா அது பொய்யாப் போயிடும்மா."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. சாமர்த்தியமாகப் பேசுகிறவர்களை ஜீப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர்கள் குறைவு.

திரும்பி வருகையில் பஸ் மலையேறத் தொடங்கியது. எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். பாதி வளைவு தாண்டின பிறகு மகளைப் பார்த்துக்கொண்டே என் மனைவி சொன்னாள்:

"ஏனுங்க, பாப்பா பெருசாகி, எங்கம்மா எப்படிப் பாடும்னு கேட்டா என்னங்க சொல்லுவீங்க?"

"நல்லாப் பாடும்னு சொல்லுவேன்."

"சொன்னாக் காதுல கேக்குமுங்களா? ஒரு கேசட்டு போட்டு வெச்சரலாமுங்க."

யாரிடமாவது டேப் செட்டை இரவல் வாங்கி ஒன்றிரண்டு பாட்டுப் பதிந்துவிடலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "ஒண்ணு ரெண்டு வேண்டாமுங்க. கடைல விக்கறாங்கல்ல, அந்த மாதிரி. ரெண்டு பக்கமும் நெறைய, மேல படம் போட்டு."

அன்றைக்கே மாதக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் திட்டம் போட்டோம். அவள் சொல்ல நான் எழுதினேன். முதல் வரியே இதுதான்: ஆஸ்பத்திரிக் காசில் கை வைக்கக் கூடாது. அது போஸ்டாபீஸில் இருந்தது. அங்கேயே இருக்க வேண்டும். கேசட்டுக்கு வேண்டியதை என் தினப்படி பேட்டாவிலும், அளவுக்கு மேல் பறிக்கிற பழத்துக்கு எஸ்டேட்டில் கிலோக் கணக்கில் கொடுக்கிற கூலியிலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெற்றுக் கேசட் இரண்டு என்று எழுதினேன். ஒன்று பழகிப் பார்க்க.

"பழகறதுக்குக் கேசட்டு எதுக்குங்க? காடு இருக்குது" என்று ஒன்றை அடிக்கச் சொன்னாள்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று பெரிய செல் ஆறு. சேலத்தில் கொடுத்துப் பத்துக் காப்பி எடுக்கக் கூலி. மேலட்டைக்கு அவள் போட்டோ என்று எழுதினேன். "வேண்டாமுங்க, கழுத்து தெரியும். காப்பிப் பூப் படம் போட்டுக்கலாம்" என்றாள். மேலட்டையில் என்ன பேர் எழுதுவது என்று கேட்டதற்கு, யோசிக்காமல் "எங்க ஊட்டுப் பாட்டு" என்றாள்.

ஆர்மோனியத்துக்கு ஊருக்குள் ஒரு டெய்லர் இருந்தார். சனிக்கிழமை பஜனையில் வாசிப்பவர். அவர் காசு கேட்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: டிரைவருக்குப் பக்கத்து சீட்டு டிரைவருடையது. அதில் யாரை உட்கார வைக்கிறோம் என்று ஓனர் கேட்கமாட்டார். டெய்லர் செவ்வாய்க்கிழமைதோறும் தைத்த துணியை மஞ்சக்குட்டைக்குக் கொண்டுபோவார். பின்னால் உட்கார்ந்தால் மூன்றாவது வளைவிலேயே வாந்தி. "மூணு மாசத்துக்கு முன் சீட்டு குடு, உன் சம்சாரத்துக்கு நான் வாசிக்கறேன்" என்றார்.

இவளிடம் சொன்னேன். "ரெண்டு மாசம்னு சொல்லுங்க. மூணாவது மாசம் நான் ஆஸ்பத்திரிலிருந்து வருவேன், எனக்கு வேணும்" என்றாள். டெய்லர் இரண்டுக்கு இறங்கி வந்தார். தாளில் அதையும் எழுதினேன்: ஆர்மோனியம், எட்டுச் செவ்வாய்.

செட்டுதான் பெரிய விஷயம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் அண்ணன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார், பெரிய டேப் ரெக்கார்டரோடு. அது குப்பனூரில் கட்டிக் கொடுத்திருந்த இளைய தங்கைக்குச் சீர். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி பஸ்ஸில் கொண்டுபோகிறார். அன்று காலையிலிருந்து அதுவரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இருப்பது ஒரு பகல். அதனால் நேரத்தை முன்னமே அளந்து வைத்துவிட வேண்டும் என்பது என் யோசனை. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் விநாடி முள் வைத்த கைக்கடிகாரத்தை இரவல் வாங்கினேன். ஜீப் ஒர்க்ஷாப்பில் நின்ற ஒரு நாள், காப்பித் தோட்டத்து ஓரத்தில் நின்று ஒவ்வொரு பாட்டும் தொடங்குவதையும் முடிவதையும் குறித்தேன். வேலை வாங்கிக்கொண்டிருந்த மேஸ்திரி வந்தார்.

"ஏம்ப்பா, பொண்டாட்டி எத்தனை நேரம் நிக்கறா, எத்தனை நேரம் பறிக்கறான்னு நீயே கடியாரம் வெச்சுப் பாக்கறியா? அப்ப எனக்கு என்ன வேலை?"

வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. ஒரு பாட்டு ஏழு நிமிடம், இன்னொன்று ஆறே முக்கால், சேவல் பாட்டு ஏழே கால். சராசரி ஏழு. எட்டுப் பாட்டுக்கு ஐம்பத்தாறு நிமிடம். மூச்சு வாங்க, தண்ணீர் குடிக்க நாலு நிமிடம். அறுபது நிமிடக் கேசட்டுக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி இருந்தது. டெய்லரிடமே காட்டிப் பெருமைப்பட்டேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஜன்னலுக்குக் கம்பளி கட்டினோம். கோழியைக் கூடைக்குள் போட்டுக் கவிழ்த்தோம். டெய்லர் பாயில் உட்கார்ந்து ஆர்மோனியத்தைத் தட்டிப் பார்த்தார். இவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு, கையை மடியில் கோத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்க உட்காருகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்தாள். நான் பட்டனை அழுத்தினேன்.

முதல் பாட்டு முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டரை நிமிடம். கடிகாரம் நின்றுவிட்டது என்று நினைத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவது பாட்டு மூன்று நிமிடம். பதினொரு மணிக்குள் எட்டுப் பாட்டும் முடிந்துவிட்டன. மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். ஒரு பக்கமே நிறையவில்லை.

டெய்லர் தொண்டையைக் கனைத்தார். "ஒவ்வொண்ணையும் ரெண்டு வாட்டி பாடச் சொல்லேன்."

"கேக்கறவங்க கேசட்டு கெட்டுப் போச்சுன்னு நெனைப்பாங்கண்ணா" என்றாள் இவள்.

"அப்ப நடுநடுவுல நான் தனியா வாசிக்கறேன்."

"நீங்க வாசிச்சா அது உங்க கேசட்டுண்ணா. உங்களுது தனியாப் போட்டுக்கலாம்."

பதிந்ததைப் போட்டுக் கேட்டோம். குரலில் குறை இல்லை. ஆனால் என்னவோ சரியில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவளோடு ஒரே வரிசையில் பறிக்கிறவள். அவள்தான் சொன்னாள்: "ஏனக்கா, கடைசி பஸ்ஸு போயிருமாட்டம் பாடறீங்கோ?"

இவள் மடியில் கிடந்த கையை விரித்துப் பார்த்தாள். "கை சும்மா இருக்குது புள்ள. கை சும்மா இருந்தா அடுத்த அடி எப்ப வரோணும்னே தெரிய மாட்டேங்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தோட்டத்தில் அளந்தது பாட்டை மட்டும் இல்லை. ஒரு அடி பாடிவிட்டு அவள் ஒரு கிளை முழுக்கப் பறிப்பாள். அந்த இடைவெளியில் மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். செடி விட்டுச் செடி நகர்வாள். பிறகுதான் அடுத்த அடி. அந்தப் பறிப்பு, அந்த நகர்வு, அந்தப் பெண்கள் எல்லாம் சேர்ந்துதான் ஏழு நிமிடம். அதையெல்லாம் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வெறும் வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட்டுக்குள் போக முடியாது. பக்கத்து வீட்டுப் பெண் கொஞ்சம் யோசித்தாள். அவள் எதையும் சும்மா தருகிறவள் இல்லை.

"என்ற ஊட்டுல ஒரு மூட்டை மொச்சைக்காய் உரிக்கறதுக்குக் கெடக்குதுக்கா. நாளைக்கு ஓட்டலுக்குக் குடுக்கோணும். இங்க கொண்டாந்து கொட்டட்டுமா? உங்களுக்குப் பாட்டு, எனக்குப் பருப்பு."

பன்னிரண்டு மணிக்குள் மூட்டை வந்தது, பின்னாலேயே அவளோடு சேர்த்து நாலு பெண்கள் வந்தார்கள். செட்டை நடுவில் முக்காலி மேல் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். காயைக் குவித்தார்கள். இவள் நல்ல சேலையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கை காய் அள்ளினாள். கேசட்டைத் திருப்பி ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து பட்டனை அழுத்தினேன். காலையில் பாடியதெல்லாம் அழியத் தொடங்கியது.

முதலில் காய் பிளக்கிற சத்தம். இரண்டு மூன்று பருப்பு முறத்தில் விழுகிற சத்தம். அப்புறம் அவள் தொடங்கினாள். ஒரு அடி பாடினாள், நாலு பேர் திருப்பினார்கள், கை ஓடியது, அடுத்த அடி அது வர வேண்டிய நேரத்தில் வந்தது. டெய்லர் எங்கே நுழைவது என்று தெரியாமல் ஒரு சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அழகாக இருந்தது. எட்டுச் செவ்வாய்க்கு ஒரு சுரம் என்று பிற்பாடு அவரைக் கேலி செய்வேன்.

இப்போது கணக்கு மறுபக்கம் புரண்டது. உட்கார்ந்த இடத்தில் நிழலும் பேச்சும் இருந்ததால் பாட்டு ஏழில் நிற்கவில்லை, ஒன்பதுக்குப் போனது. பக்கத்துக்கு மூன்றுதான் கொள்ளும். எட்டில் இரண்டைத் தள்ள வேண்டும்.

"நெலாப் பாட்டு வேண்டாமுங்க. அந்த ஓடைப் பாட்டும் வேண்டாம்" என்றாள் உடனே.

இரண்டும் நான் ராத்திரி கண் முழித்து, நல்ல நல்ல வார்த்தையாகத் தேடிக் கட்டினவை. "அது ரெண்டும்தானே நல்லாருக்குது?" என்றேன்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா அது ஆரும் பேசற மாதிரி இல்லீங்க." சுற்றி இருந்த பெண்கள் குனிந்து காயைப் பார்த்தார்கள். ஒருத்தியின் தோள் மட்டும் குலுங்கியது.

ஐந்தாவது பாட்டு முடிந்ததும் அவள் வெந்நீர் கேட்டாள். ஒரு வாய் விழுங்கிவிட்டுக் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"போதும்க்கா. இது வரைக்கும் வந்ததே போதும்."

"மூட்டைல இன்னும் காய் இருக்குதில்ல? உரி புள்ள" என்றாள் இவள்.

கடைசிப் பாட்டு மூன்றேகால் மணிக்கு முடிந்தது. செட்டைத் துடைத்து அட்டைப் பெட்டிக்குள் வைத்தோம். நாலு மணி பஸ் குப்பனூருக்குப் போனது.

அடுத்த வாரம் கேசட்டைக் காப்பி எடுக்கச் சேலத்துக்குப் போனேன். பத்து என்று போட்ட திட்டம் பதினாலாகியிருந்தது. பாடின பெண்களுக்கு ஆளுக்கு ஒன்று என்று இவள் சொல்லிவிட்டாள். கடைக்காரர் சீட்டு எழுதிக்கொண்டே சும்மா கேட்டார்: "ஊட்டுல எந்த செட்டு வெச்சிருக்கீங்க? சின்ன செட்டுன்னா சத்தத்தைக் கொஞ்சம் தூக்கி வெக்கறேன்."

காலண்டர் தாள் முழுக்க எழுதினேன்; செல் வரைக்கும் எழுதினேன். எங்கள் வீட்டில் கேசட் போடுகிற பெட்டியே கிடையாது. எனக்கு மட்டுமில்லை, மொச்சை உரித்த நாலு பேரில் ஒருத்தர் வீட்டிலும் கிடையாது.

வந்து சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, போதும் போதும் என்று கையைக் காட்டுகிற வரைக்கும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்ததும், செட்டு வாங்கக் கிளம்பிவிடுவேனோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "போஸ்டாபீஸ் பக்கம் போயிராதீங்க" என்றாள்.

ஜீப் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. ஒரு காப்பியை அங்கே கொடுத்தேன். டீக்கடைக்காரர் காலையில் சாமிப் பாட்டு முடிந்ததும் அதைப் போடுவார். "என்னப்பா, பாட்டுல காய் உரிக்கற சத்தம் கேக்குது?" என்று டீ குடிக்கிறவர்கள் கேட்பார்கள். "அதுக்குத்தான் கேளுங்கறது" என்பார் அவர்.

பொங்கல் கழித்து ஆபரேஷன் நடந்தது. நான் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தேன். மகளைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் கடைத்தெருவுக்குத் தூக்கிப் போனபோது டீக்கடையில் கேசட் ஓடியிருக்கிறது. பிள்ளை அழவில்லை, தேடவும் இல்லையாம். டீக்கடைக்காரரிடம், "எங்கம்மா உள்ள மொச்சை உரிக்குது" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

கட்டி நல்ல கட்டிதான், பயமில்லை என்றார்கள். சோறு அடைப்பது நின்றது. பேச்சு ஒரு மாதம் காற்றாக வந்தது. பிறகு கனத்து, அடியில் இறங்கி, சளி பிடித்த மாதிரி ஒரு குரலாக நின்றது. டாக்டரம்மா சொன்னபடி நன்றாகத்தான் பேசினாள். பாடிப் பார்க்கவில்லை. எஸ்டேட்டில் களை வெட்டுகிற இடத்தில் மற்றவர்கள் பாடினால் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்கிறாள் என்று பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் தனியாகச் சொன்னாள். நான் இவளிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஊரில் இருக்கிற எல்லோரிடமும் பேசுகிறவனுக்கு அந்த ஒரு பேச்சு வரவில்லை. டீக்கடைக்காரரிடம் மட்டும், அவள் இந்தப் பக்கம் வந்தால் கேசட்டை நிறுத்திவிடுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

சித்திரையில் ஒருநாள் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு மதியமே திரும்பிவிட்டோம். பஸ்ஸை விட்டு இறங்கியபோது கேசட் ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, டீ ஆற்றுகிற கிளாஸோடு பட்டனுக்கு ஓடினார்.

"இருக்கட்டும்ணா" என்றாள் இவள்.

மகள் கையைப் பிடித்துக்கொண்டு, கடை ஓரத்தில் நின்று ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாள். ஒன்பது நிமிடம். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல், போகிற வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் பாடறா" என்றாள் கடைசியில், வேறு யாரையோ சொல்கிற மாதிரி. "மூணாவது அடில மட்டும் மூச்சைச் செத்த முன்னாடி வாங்கியிருக்கோணும்."

அன்று பொழுது சாய்கிற நேரம் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் ஜீப்புக்கு ஒரு போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே மெதுவாக ஒரு சத்தம் வந்தது. முதலில் பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"பனிக்குள்ள பஸ்ஸு வருது
பாதையில சத்தங் கேக்குது
ஆளைக் காணோம்…"

கேசட்டில் இரண்டாவதாக இருக்கிற பாட்டு. பழைய இடத்திலிருந்து வெகு கீழே தொடங்கியிருந்தாள். "ஆளைக் காணோம்" என்பது மேலே ஏறுகிற அடி. ஏறப் போனாள், குரல் உடைந்து காற்று வந்தது. நிறுத்தினாள். மகள் வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். இன்னொரு முறை போனாள். மறுபடியும் காற்று.

நான் போல்ட்டைத் துடைக்கிற துணியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை அவள் மேலே போகவில்லை. அந்த அடியைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு போனாள். மெட்டே வேறாகிவிட்டது. பிள்ளை வாயில் ஒரு கவளம் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க. இப்படிப் போனா எழுத்துப் பத்தலைங்க. வேற வார்த்தை குடுங்க."

எழுந்து உள்ளே போய் எதிரில் உட்கார்ந்தேன். "ஆளையுங் காணோம்" என்றேன். பாடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "வண்டியைக் காணோம்" என்றேன். "சத்தம் கேக்குது, வண்டியைக் காணோம்னா பயமா இருக்குதுங்க. பாப்பா கேக்கற பாட்டு" என்றாள். நான் பனியில் ஓட்டிப் பழகினவன். கண்ணை மூடிக்கொண்டு, எதிரே வண்டி வரும்போது முதலில் என்ன தெரியும் என்று யோசித்தேன்.

"வெளக்கு மட்டும் தெரியுது."

அவள் அதை வாய்க்குள் ஒருமுறை சொன்னாள். அடுத்த முறை அந்தத் தாழ்ந்த குரலிலேயே இழுத்துப் பாடினாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த விரல் நிற்காமல் ஓடியது.

"இது மெட்டுல நிக்குதுங்க" என்றாள்.